மைக்காரரும் ஊர் தேடிய பெயரும்

மைக்காரருக்கு உடம்பு சின்னது, குரல் பெரியது. யாரோ இரண்டு பேருக்குச் செய்து வைத்ததை அவசரத்தில் மாற்றிப் பூட்டிவிட்டார்கள் என்று அவர் மனைவி சொல்வாள். பள்ளியில் பக்கத்துப் பையனுக்கு அவர் காதோடு காதாகச் சொன்ன விடையைத் தலைமையாசிரியர் தன் அறையில் உட்கார்ந்தபடியே திருத்தியிருக்கிறார். அந்தக் குரலை வைத்துக்கொண்டு ரகசியம் பேச முடியாது. பொய் சொன்னால் தெருமுனை வரை கேட்கும். வேறு வழியில்லாமல் அவர் யோக்கியராக வளர்ந்தார்.

கல்யாணம் ஆனதும் மனைவியின் அண்ணன் நடத்திய கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். ஃபிரிட்ஜ், மிக்ஸி, வாஷிங் மெஷின் விற்கும் கடை. வாசலில் நிறுத்தினால் “வாங்க” என்ற ஒரு சொல்லிலேயே வந்தவர் எதிர்க் கடைக்குள் புகுந்துவிடுகிறார் என்று, மச்சான் அவரை வாஷிங் மெஷின் வரிசைக்கு மாற்றினார். அங்கே எந்நேரமும் ஏதாவது ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். சத்தத்துக்குச் சத்தம் சரியாகப் போய்விடும்.

ஆனால் மேட்ச் உள்ள சாயங்காலங்களில் அவர் வேறு ஆள். கல்லூரி மைதானத்தின் மேற்கு கேலரிக்கு மேலே, இரும்பு ஏணியில் ஏறிப் போகிற தகர அறை ஒன்று உண்டு. அதற்குள் ஒரு மைக், ஸ்கோர் போர்டை இயக்கும் பெட்டி, இரண்டு நாற்காலி. அவ்வளவுதான் கொள்ளும். ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறெதுவும் கிடையாது. ஆறு உண்டு, தண்ணீர் வராது. ரயில் நிலையம் உண்டு, ரயில் நிற்காது. கல்லூரியின் கால்பந்து அணிதான் ஊருக்கு முகம். அந்த முகத்துக்கு வாய், நம் மைக்காரர்.

ஆட்டக்காரர்களுக்குப் பட்டப்பெயர் வைக்கும் உரிமையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். முன்னால் நின்று கோல் அடிக்கிறவன் ‘புயல்’. கோல்கீப்பர் ‘சுவர்’. இடது ஓரத்தில் ஓடுகிறவன் ‘ராக்கெட்’. ஆட்டம் தொடங்கும் முன் அவர், “ஏழாம் எண்ண்ண்...” என்று இழுப்பார். கேலரி முழுக்க எழுந்து நின்று “புயல்!” என்று முடித்து வைக்கும். அந்தப் பையன்களைப் பெற்றவர்களே வீட்டில் இந்தப் பெயரைச் சொல்லித்தான் சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று கேள்வி.

அவருடைய இன்னொரு வழக்கம், ஆட்டம் முடிந்ததும் சொல்கிற நன்றி. ஜெயித்தாலும் தோற்றாலும் அது உண்டு. கோடு போட்டவர், டிக்கெட் கிழித்த அம்மா, ஆம்புலன்ஸ் டிரைவர், கடைசியாக ஸ்கோர் போர்டை இயக்கியவர் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அனுப்புவார். அதைக் கேட்காமல் கூட்டம் கலையாது. “மனுஷன் தன் பேரை யாராவது நல்ல விதமா சொல்லிக் கேக்கணும்மா. வீட்ல கேக்கறது கணக்குல சேராது,” என்று ஸ்கோர் பெண்ணிடம் சொல்வார்.

ஸ்கோர் பெண் அதே கல்லூரியில் புள்ளியியல் படித்தாள். இரண்டு சீசனாக அந்தத் தகர அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது. அதிகம் பேசமாட்டாள். அவர் பேசியதில் இருவருக்கும் போதுமானது போக மிச்சமே இருந்தது. மாற்று ஆட்டக்காரரின் எண்ணை அவர் தப்பாகச் சொல்லப் போனால் பேனாவால் மேசையில் ஒரு தட்டு. மூச்சு வாங்கினால் தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து நீட்டுவாள். “அங்கிள், இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கல” என்பதுதான் அவள் பேசிய பேச்சிலேயே நீளமானது.

காலிறுதியில் ஜெயித்த வாரத்தில் அந்தச் செய்தி வந்தது. வெற்றி விருந்து நடந்த வாடகை வீட்டில், அதே கல்லூரி மாணவி ஒருத்தியைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக மூன்று ஆட்டக்காரர்கள் மேல் வழக்கு. புயல், சுவர், ராக்கெட்.

ஊர் அதிர்ந்து போனது. தலையில் கை வைத்துக்கொண்டது. நா தழுதழுக்கக் கேட்டது: “அப்போ ஃபைனல்?”

ரசிகர் மன்றத்தின் அவசரக் கூட்டம் மச்சானின் கடையில், ஃபிரிட்ஜுகளுக்கு நடுவே கூடியது. மச்சான்தான் மன்றத் தலைவர். அவர் கால்பந்தை உதைத்ததில்லை. ஆனால் அணியின் பனியனில் முதுகுப் பக்கம் முழுக்க அவர் கடையின் விளம்பரம்தான்.

“எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு,” என்று ஆரம்பித்தார் மச்சான். அந்த வாரம் இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் ஊரில் யாரும் பேச்சை ஆரம்பிக்கவில்லை. பெண் பிள்ளை இல்லாதவர்கள் அக்கா மகளை இரவல் வாங்கிக்கொண்டார்கள். “நான் எந்தப் பொண்ணுக்கும் எதிரி இல்ல. சட்டம் அதோட கடமையைச் செய்யட்டும். நாம நம்ம கடமையைச் செய்வோம்.”

மன்றத்தின் கடமை என்ன என்று யோசித்ததில், ‘நாங்கள் உங்களோடு’ என்று மூன்று முகங்களும் போட்ட பனியன் அடிப்பது என்று முடிவானது.

“எனக்கு ஒண்ணுதான்யா புரியல,” என்றார் பேக்கரிக்காரர். “புகார் குடுக்கணும்னா குடுக்கட்டும். சீசன் முடிஞ்சு குடுத்திருக்கலாமே? என்ன அவசரம்?”

“சுவர் என்கிட்டதான் பல் கட்டினான்,” என்றார் பல் டாக்டரம்மா. மன்றத்தின் மகளிர் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. “ஊசியைப் பாத்ததுமே கண்ணு கலங்கிடுச்சு. அப்படி ஒரு பூ மனசு அவனுக்கு.”

கல்லூரி முதல்வரும் அறிக்கை விட்டிருந்தார். விசாரணை நடக்கும்போது நிர்வாகம் எந்தப் பக்கமும் சாயாதாம். எந்தப் பக்கமும் சாயாததால் மூவரும் வழக்கம்போல ஆடுவார்களாம். பயிற்சியாளர், பையன்கள் மனசு உடைந்து போயிருக்கிறார்கள், அவர்களைத் தனியாக விடுங்கள் என்று நிருபர்களிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு மனசும் உடைந்திருக்குமே என்று கேட்க நிருபர்களுக்கு நேரமில்லை. அரையிறுதி பற்றிக் கேட்க வேண்டியிருந்தது.

மைக்காரரும் கூட்டத்தில் இருந்தார், மற்றவர்களைப் போலவே தலையாட்டினார். கதாநாயகர் என்பதற்காக அதை மறைக்க முடியாது. அவர் பெயர் வைத்து வளர்த்த பையன்கள். புயல் புயலாக இருக்கும்போது வேறு எதுவாகவும் எப்படி இருப்பான்?

“சரி, யாருய்யா அந்தப் பொண்ணு?” என்றார் பேக்கரிக்காரர்.

அங்கேதான் இடித்தது. சட்டப்படி பெயரை வெளியிடக் கூடாது. செய்தித்தாளில் ‘மாணவி’ என்று மட்டும்தான் இருந்தது. மூன்று பையன்களுக்கும் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் ஜாமீன் போய்விடும் என்று வக்கீல் மிரட்டி வைத்திருந்தார். ஊருக்கோ பெயர் தெரியாமல் தூக்கம் வரவில்லை. பெயர் தெரிந்தால்தானே வீட்டு வாசலில் போய் ‘நியாயம்’ கேட்க முடியும்? அவள் அப்பன் யார், அண்ணன் யார், என்ன உடுத்துவாள், யாரோடு பேசுவாள், போன வருஷம் யாரோடு சிரித்தாள் என்று ஆராய்ந்து உண்மையைக் கண்டறிய முடியும்?

அரையிறுதி அன்று மைக்காரர் ஏணி ஏறிப் போனபோது பக்கத்து நாற்காலியில் கல்லூரி நூலக உதவியாளர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்வதால் மாணவர்கள் அவரை ‘தூக்கம்’ என்பார்கள்.

“அந்தப் பொண்ணு வரலை சார். என்னைப் பாத்துக்கச் சொன்னாங்க.”

மைக்காரருக்கு அதை யோசிக்க நேரமில்லை. கேலரி பனியனும் பதாகையுமாகப் பொங்கியது. அவர் இழுத்தார், அது முடித்தது. “புயல்!” என்றபோது தகரம் அதிர்ந்தது. புயல் இரண்டு கோல் அடித்தான். கோல் அடித்தவன் குற்றவாளி இல்லை என்பது அதோடு நிரூபணமாகிவிட்டதாக ஊர் எடுத்துக்கொண்டது.

கடைசியில் நன்றி. கோடு போட்டவர், டிக்கெட் அம்மா, ஆம்புலன்ஸ் டிரைவர் என்று வந்து, ஸ்கோர் போர்டுக்கு வந்தபோது, இரண்டு சீசன் பழக்கத்தில், வராத அந்தப் பெண்ணின் பெயரையே முழுதாகச் சொல்லி முடித்துவிட்டார்.

தூக்கத்தின் முகம் தொங்கிப் போனது. “சார், என் பேரு...”

“ஐயோ, மன்னிச்சுக்கோங்க. வாய்ப் பழக்கம்.” மைக்காரர் ஏணியில் இறங்கத் தொடங்கியிருந்தார். “ஆமா, அவளுக்கு என்ன, உடம்பு சரியில்லையா?”

“தெரியல சார். அந்த விருந்துக்கு மறுநாள்லேருந்து காலேஜுக்கே வரலையாம். லைப்ரரி புஸ்தகம்கூடத் திருப்பித் தரல. ஒரு நாள்கூடத் தாமதிக்காத பொண்ணு.”

மைக்காரரின் கால் அடுத்த படியைத் தேடியது. படி அங்கேயேதான் இருந்தது, கால்தான் போகவில்லை. காலிறுதி முடிந்த அன்று இதே ஏணியடியில் அவள் கேட்டிருந்தாள்: “அங்கிள், பசங்க விருந்து வைக்கிறாங்களாம். ஸ்கோர் போர்டு ஆளும் வரணும்னு கூப்பிடறாங்க. போகவா?” அவர்தான் உலகத்துக்கே கேட்கும்படி சொன்னார்: “போயிட்டு வாம்மா. நம்ம பசங்கதானே!”

மறுநாள் காலை கடையில் மன்றத்தின் துப்பறியும் பிரிவு கூடியிருந்தது. பல் டாக்டரம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மேட்சுக்கு வழக்கமாக வருகிற பெண்களில் நேற்று எவள் வரவில்லையோ, அவள்தான்.

“மனசுல கள்ளம் இல்லாதவ எதுக்கு மேட்சுக்கு வராம இருக்கணும்?” என்றார்.

வராதவர்களை ஒவ்வொருத்தியாக அலசினார்கள். ஒருத்திக்கு அம்மை. ஒருத்திக்கு நிச்சயதார்த்தம். “அந்த ஸ்கோர் போர்டு பொண்ணு?” என்றார் பேக்கரிக்காரர். “காலேஜ் பக்கமே காணோம்னு என் மவன் சொன்னான்.”

மைக்காரர் ஒரு வாஷிங் மெஷின் பக்கம் ஒதுங்கினார்.

“அது இல்லய்யா,” என்றார் மச்சான், கையை வீசி. “நேத்து மாப்ளே நன்றி சொன்னாரே, என் காதால கேட்டேன். மேலே உக்காந்திருந்துச்சு. மாப்ளே வாயில பொய் வராது. வந்தாலும் நமக்கு முன்னாடி பக்கத்து ஊருக்குக் கேட்டிருக்கும். என்ன மாப்ளே?”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மைக்காரர் பக்கத்திலிருந்த வாஷிங் மெஷினின் பொத்தானை அழுத்தினார். உள்ளே துணி ஒன்றும் இல்லாமல் அது பெரும் சத்தத்தோடு சுற்றத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் அவர் ஆமாம் என்றாரா இல்லை என்றாரா என்று யாருக்கும் தெரியவில்லை; தலைவர் சொன்னபிறகு யாருக்கும் தெரிய வேண்டியதும் இல்லை.

வீட்டில் மனைவியிடம் சொல்வதற்கு ஜன்னல்களையெல்லாம் சாத்தி, குழாயைத் திறந்துவிட வேண்டியிருந்தது. அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டாள்.

“என் தலையெழுத்து. ஊருக்கே கேக்கற தொண்டையைக் கட்டிக்கிட்டு இப்போ ரகசியத்தையும் காப்பாத்தணும்,” என்றாள். “ஃபைனல்லயும் அவ பேரைச் சொல்லப் போறீங்களா?”

“சொல்லலைன்னா, தூக்கத்தோட பேரைச் சொல்லணும். சொன்னா, ரெண்டு நாள்ல இவனுங்க அவ வீட்டு வாசல்ல நிப்பானுங்க.”

“சரி. அது அவ பேராச்சே, அவகிட்ட கேட்டீங்களா?”

“எப்படிக் கேக்கறது?”

“வாயாலதான். வேற எதால கேப்பீங்க?”

“உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைக் கடையை விட்டே...”

“எங்க அண்ணனைப் பத்தி எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல பட்டாணி திருடிட்டு என்னை மாட்டிவிட்ட ஆளு. கெளம்புங்க.”

கடையின் சர்வீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாஷிங் மெஷின் பார்க்க வந்தவர் போல மனைவியோடு போனார் மைக்காரர். ஸ்கோர் பெண்ணின் வீட்டில் பட்டப்பகலில் திரை போட்டிருந்தது. பெண்ணின் அம்மா கதவை ஒரு விரல் அளவு திறந்து, மைக்காரரின் மனைவியைப் பார்த்தபிறகுதான் சங்கிலியை எடுத்தாள். அம்மாவும் மனைவியும் சமையலறைக்குள் போய்விட்டார்கள்.

ஸ்கோர் பெண் மேசை முன்னால் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்குப் படிக்கிறாளாம். மைக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தன் குரலை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“நான்தாம்மா போகச் சொன்னேன்,” என்றார்.

“நீங்க சொல்லலைன்னாலும் போயிருப்பேன் அங்கிள். அது உங்க தப்பு இல்ல.” கால்குலேட்டரை அணைத்தாள். “உங்க தப்பு வேற.”

“என்னம்மா?”

“அரையிறுதி அன்னிக்கு எல்லா ஜன்னலையும் மூடிட்டு உக்காந்திருந்தேன். அப்பவும் கேட்டுச்சு. ஏழாம் எண்ணுன்னு நீங்க இழுத்த இழுப்பு. கடைசியில அதே குரல்ல என் பேரு. எனக்குக் குமட்டிடுச்சு.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கடையில் நடந்ததை மெல்லச் சொன்னார். அவள் பெயர் ஒரு தற்செயலில் தப்பித்ததையும் சொன்னார்.

“ஃபைனலுக்கு மறுநாள் கோர்ட்ல நான் வாக்குமூலம் குடுக்கணும்,” என்றாள். “அதுவரைக்கும் அவங்க இங்க வரக்கூடாது அங்கிள். வந்தாங்கன்னா அம்மா புகாரை வாபஸ் வாங்கச் சொல்லிடுவாங்க. இப்பவே பாதி சொல்லிட்டாங்க. அதனால என் பேரை நன்றியில சொல்லுங்க. நான் அங்கதான் இருந்தேன்னு ஊர் நினைக்கட்டும்.” பிறகு முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். “ஆனா அவங்க பேரைச் சொன்ன வாயால சொல்லாதீங்க.”

மைக்காரர் வெளியே வந்து சர்வீஸ் பையை மாட்டிக்கொண்டார். “மெஷின் நல்லாத்தான் ஓடுது,” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். மெஷினை அவர் பார்க்கவே இல்லை என்பதால் அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

ஃபைனல் அன்று ஊரில் பேக்கரி மூடியிருந்தது, பல் ஆஸ்பத்திரி மூடியிருந்தது. பல்வலிக்காரர்கள் கேலரியில் டாக்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மூன்று முகங்கள் ஆயிரக்கணக்கான தொப்பைகளில் விரிந்தும் சுருங்கியும் சிரித்தன. தூக்கம் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்.

“சார், இன்னிக்கு மாமனார் வந்திருக்காரு,” என்றார் வெட்கத்தோடு. “காலேஜ்ல பெரிய பொறுப்புன்னு சொல்லித்தான் பொண்ணு கட்டினேன். மைக்ல என் பேரு வந்தா... ஒரு மரியாதை. போன தடவைதான் விட்டுப்போச்சு.”

மைக்காரர் அவர் தோளைத் தொட்டுவிட்டு மைக்கைப் போட்டார்.

அணி வரிசையாக வந்து நின்றது. “ஒன்றாம் எண்,” என்றார் மைக்காரர். இழுக்கவில்லை. ரேஷன் கடையில் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கேலரி அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்துவிட்டு, மைக் கோளாறு என்று நினைத்துத் தானாகவே “சுவர்!” என்றது. மற்ற ஆட்டக்காரர்களுக்கு வழக்கம்போல இழுத்தார். “ஏழாம் எண்.” முற்றுப்புள்ளி. “பதினொன்றாம் எண்.” முற்றுப்புள்ளி.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் இரும்பு ஏணி முனகியது. மச்சானின் உடம்புக்கு அது செய்யப்பட்டதில்லை. மூச்சிரைக்கக் கதவில் நின்றார்.

“என்ன மாப்ளே, தொண்டை கட்டிடுச்சா உங்களுக்கு?”

“இல்ல மச்சான்.”

“அப்போ பசங்க பேரு எங்க?”

“அது நான் வச்ச பேரு. திரும்ப எடுத்துக்கிட்டேன்.”

“திரும்ப எடுக்கறதுக்கு இது என்ன நம்ம கடை மிக்ஸியா?”

“அதையும் நாம திரும்ப எடுக்கறதில்லயே மச்சான்.”

மச்சானுக்குக் கோபம் வந்தால் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிடும். “எழுந்திரு! ஓரமா நில்லு. தங்கச்சி முகத்துக்காகப் பாக்கறேன், இல்லைன்னா இப்பவே கடைச் சாவியை வாங்கியிருப்பேன். இனிமே இந்த மைக்கைத் தொடாதே. வாயைத் திறக்காதே.”

வெளியே அனுப்பியிருப்பார், மைக்கை எப்படிப் போடுவது என்று தெரியாததால் ஓரத்தில் நிறுத்தி வைத்தார். மைக்காரர் தகரத்தோடு ஒட்டி நின்றார். மைக் போனதுகூட அவருக்கு உறைக்கவில்லை. கடைசி நன்றியை யார் சொல்வது? மச்சான் சொன்னால் ஸ்கோர் போர்டில் இருக்கிற ஆளைப் பார்த்துச் சொல்வார். ஊர் கேட்கும். நாளைக் காலைக்குள் திரை போட்ட அந்த வீட்டு வாசலில் ஊர் நிற்கும்.

மச்சான் மைக்கை ஊதினார், தட்டினார், “ஹலோ, ஹலோ” என்றார். எதிரணியின் கோல் கிக்குக்குக் கைதட்டச் சொன்னார். ஆனாலும் மனுஷன் மனதார உழைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். உழைக்காதது சுவர்தான். முதல் பந்து அவன் கால்களுக்கு நடுவே போனது. இரண்டாவது, தலைக்கு மேலே. ராக்கெட் தன் எல்லைக்குள் ஒருவனை இடறிவிட்டு மூன்றாவதுக்கு பெனால்டி வாங்கிக் கொடுத்தான். புயல் அடித்த ஒரே நல்ல அடி தகர அறையின் கூரையில் வந்து விழுந்தது. மூன்றுக்குப் பூஜ்யம்.

விசில் ஊதியபிறகும் கூட்டம் கலையவில்லை. பழக்கம். தோற்றாலும் நன்றி உண்டே.

மச்சான் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். கோடு போட்டவர் யார் என்று கேட்டார். தூக்கம் எடுத்துக் கொடுத்தார். டிக்கெட் அம்மா, ஆம்புலன்ஸ் டிரைவர், எல்லாப் பெயரையும் தூக்கமே எடுத்துக் கொடுத்தார். மச்சான் கேட்டதை அப்படியே மைக்கில் ஒப்பித்தார்.

“ஸ்கோர் போர்டு யாருய்யா?”

மைக்காரர் வாயைத் திறந்தார். மச்சான் திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கித் தடுத்தார். “நீ பேசாதே. அவர் சொல்லட்டும்.”

தூக்கம் கீழே பார்த்தார். மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டை மாமனார், காதுக்குக் கையை வைத்து ஒலிபெருக்கிப் பக்கம் சாய்ந்திருந்தார். பக்கத்தில் தூக்கத்தின் மனைவி. தூக்கம் மைக்காரரைப் பார்த்தார். நூலகத்தில் தூங்குகிறவர்தான், ஆனால் எந்தப் புத்தகம் எந்த நாளிலிருந்து திரும்பி வரவில்லை என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும், மேட்சுக்கு வராதவளை ஊர் தேடுவதும் தெரியும்.

அவர் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார்.

“எங்க, காணோம்?” என்றார் மச்சான்.

“இப்பத்தான் கீழ எறங்கிப் போச்சு சார். நான் சும்மா உக்காந்திருக்கேன்.”

ஸ்கோர் போர்டை யார் இயக்கினார்கள் என்று ஒன்றரை மணி நேரத்தில் ஒருமுறைகூடப் பக்கத்தில் திரும்பிப் பார்க்காத ரசிகர் மன்றத் தலைவர், அந்தப் பெயரைத் தன் சொந்தக் குரலில் ஊர் முழுக்கக் கேட்கும்படி சொல்லி நன்றி கூறினார். கேலரி சோர்வாகக் கைதட்டியது. மாமனார் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு மகளிடம் ஏதோ கேட்டார்.

மாமனாரைச் சமாளிக்கத் தூக்கம் முதலில் இறங்கிப் போனார். மைக்காரரால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் நன்றி சொன்ன ஆள்.

மைதானத்து வாசலில் பனியன்கள் கழற்றப்பட்டுக்கொண்டிருந்தன. “இவனுங்கல்லாம் மனுஷங்களா?” என்று ஒரு குரல். “ஒரு பொண்ணோட வாழ்க்கையை நாசம் பண்ணிட்டு எப்படிய்யா பந்து ஆட மனசு வரும்?” என்று இன்னொன்று. பெனால்டி விசில் ஊதிய கணத்தில்தான் அந்தப் பெண்ணுக்கு நடந்தது ஊருக்கு முதல்முறையாகப் புரிந்தது. இரண்டு கோல் முன்னிலையில் ஜெயித்திருந்தால் கடைசி வரை புரிந்திருக்காது.

மறுநாள் காலை மைக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு வருவதாகத்தான் கடைக்குப் போனார். மனைவி வீட்டில் இல்லை. அந்தப் பெண்ணோடும் அவள் அம்மாவோடும் கோர்ட்டுக்குப் போயிருந்தாள். கடைக்குள் ‘நாங்கள் உங்களோடு’ பனியனால் ஒரு ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க மாப்ளே, வாங்க!” ‘நீங்க’ திரும்பி வந்திருந்தது. மச்சான் எழுந்தே நின்றுவிட்டார். “நேத்து அவனுங்க பேரைச் சொல்லாம விட்டீங்க பாருங்க, அப்ப எனக்குப் புரியல. உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ஊரே உங்களைத்தான் பேசுது. அடுத்த சீசனும் மைக் உங்களுக்குத்தான்.”

“எனக்கு அவனுங்க முழியே பிடிக்காது,” என்றார் பேக்கரிக்காரர்.

“ஊசி போடப் போனேன், கையைத் தட்டிவிட்டான்,” என்றார் பல் டாக்டரம்மா. “அன்னிக்கே தெரியும், முரடன்னு.”

மச்சான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “மன்றத்துல ஒரு முடிவு எடுத்திருக்கோம் மாப்ளே. அந்தப் பொண்ணுக்குப் பாராட்டு விழா. மேடை போட்டு, ‘வீர மங்கை’ன்னு ஒரு கேடயம். விளம்பரச் செலவு கடையோடது. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு, இல்லையா? உங்க குரல்ல அவ பேரை ஒரு இழுப்பு இழுத்துக் கூப்பிட்டா, ஊரே எழுந்து நிக்கும். காலேஜ்ல உங்களுக்குத் தெரியாத ஆளா? சொல்லுங்க, யாரு அது?”

எல்லோரும் நெருங்கி வந்தார்கள். பழைய முகங்கள், அதே ஆவல். இந்த முறை கண்ணீர் மட்டும் கூடுதல். எந்த மெஷினும் ஓடவில்லை. மைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இந்நேரம் அவளைக் கூப்பிட்டிருப்பார்கள்; ஒரு மூடிய அறைக்குள், மெதுவாக, ஒரே ஒரு தடவை.

“தெரியாது மச்சான்,” என்றார்.

“என்ன? கேக்கல.”

“தெரியாது.”

அவர் வாழ்நாளில் அவ்வளவு மெல்லிய குரலில் பேசியதில்லை. அவர் சொன்ன பொய் பக்கத்து நாற்காலி வரைக்கும்கூட எட்டவில்லை.

“நேத்து அந்தத் தகர ரூம் சூட்டுல நின்னது, தொண்டை போயிடுச்சு போல,” என்று எழுந்து வந்தார் பல் டாக்டரம்மா. “எங்க, வாயைத் திறங்க பாக்கறேன்.”

மைக்காரர் திறக்கவில்லை.